மாரியம்மன் எனக்கு விடை சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆளெடுப்புத் துறையினருக்கு,

வணக்கம். ஆடி மூன்றாம் ஞாயிறன்று நீங்கள் நடத்திய இணையவழித் தேர்வில் என்னுடையது பாதியிலேயே ரத்தானது. 'விதிமீறல்' என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. எந்த விதி, எந்த நிமிடத்தில் என்று அதில் இல்லை. இனி ஆறு மாதம் விண்ணப்பிக்க முடியாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அன்று கோயிலில் கூழ் வார்த்தார்கள். விடியற்காலையிலேயே புங்கமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் போர்வையைத் திணித்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அப்படியும் 'வேறொருவர் குரல் கேட்கிறது' என்று இரண்டு எச்சரிக்கைகள். மாரியம்மன் எனக்கு விடை சொல்லித் தருவதாக உங்கள் கண்காணிப்பு மென்பொருள் முடிவுகட்டிவிட்டது போலும்.

கண் திரையை விட்டு விலகியதற்கான மூன்றாவது எச்சரிக்கைதான் கதையை முடித்தது. அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தது, வரிசைப்படுத்திய பட்டியலில் ஓர் எண்ணைத் தேடும் நிரல். பைனரி தேடலில் ஒவ்வொரு முறையும் பாதிப் பட்டியலைத் தள்ளிவிடலாம். 1,000 எண்களுக்கு 10 ஒப்பீடுகள் போதும். நிரலை ஓட்டிப் பார்க்கும் மாதிரிச் சோதனைகள் எல்லாம் தேறின. மறைத்துவைத்த சோதனைகளில் ஒன்று மட்டும் தேறவில்லை. பட்டியலின் கடைசி எண்ணில்தான் இடறுகிறது என்று தெரிந்தது. தேடும் பகுதியின் தொடக்கம், முடிவு, நடு ஆகியவற்றைக் குறிக்கும் லோ, ஹை, மிட் மூன்றின் மதிப்பையும் சுற்றுக்குச் சுற்று தாளில் எழுதிப் பார்த்தேன். வெற்றுத்தாள் வைத்துக்கொள்ளலாம் என்பது உங்கள் விதிதான். குனிந்து எழுதுகிறவரின் கண் திரையிலேயே எப்படி இருக்கும்? பிழையைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது தேர்வு மூடப்பட்டிருந்தது. நேர்காணலுக்கு வந்தால் நீங்களே வெள்ளைத்தாளை நீட்டி, நிரலை இதில் எழுதுங்கள் என்கிறீர்கள்!

நான் கேட்பது ஒன்றுதான். ஒருவரின் தேர்வை ரத்து செய்யுமுன் ஒரு மனிதர் அந்தத் தேர்வின் காணொளிப் பதிவைப் பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், பன்னிரண்டில் 60, பட்டத்தில் 60, அரியர் கூடாது, இடைவெளி கூடாது, சேர்ந்தபின் குறிப்பிட்ட காலம் விலகக் கூடாது என்று பாண்ட். இத்தனைக்கும் பெரிய நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. விண்ணப்பங்கள் குவிவதால் பாதிப் பாதியாகத் தள்ளுகிறீர்கள், புரிகிறது. ஆனால் பட்டியல் வரிசையாக இருந்தால்தான் அந்த முறை செல்லும் என்பது முதலாமாண்டு மாணவருக்கே தெரியும்.

மன்னிக்கவும், வேறெங்கோ போய்விட்டேன். என் பதிவை ஒருவர் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தாள், என் தலை, பின்னால் போர்வை திணித்த ஜன்னல் எல்லாம் அதில் இருக்கும். ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருப்பேன். ஆனால் அது முடிவது தை மாதத்தில். அப்போது தைப்பூசம் வரும், அதே புங்கமரத்தில் அதே குழாயைக் கட்டுவார்கள்.

இப்படிக்கு,
விதிமீறியதாகச் சொல்லப்படும் ஒரு பட்டதாரி