38 வரவேண்டிய இடத்தில் 1 வந்தபோது கூட நின்றவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். நம் சின்ன சி லைப்ரரியில் (சி மொழி நிரல்களுக்கு அடிப்படை வேலைகளைச் செய்துதரும் தொகுப்பு) மூன்று வாரமாக ஆட்டம் காட்டிய நேரப் பிழை போன வெள்ளிக்கிழமை தீர்ந்தது. கூட நின்றவர்களுக்கு எல்லோரும் படிக்கும்படி நன்றி சொல்ல ஆசை.

ஆர்ம் சிப் உள்ள 32 பிட் கணினிப் போர்டுகளில் நேரத்தை 64 பிட்டில் வைக்கும்படி மாற்றினோம். இல்லாவிட்டால் 2038 ஜனவரி 19 அன்று எண் நிரம்பி, தேதி 1901-க்குப் போய்விடும். இதற்கென்றே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.1 பதிப்பில் 403-ஆம் எண் சிஸ்டம் கால் வந்தது; சிஸ்டம் கால் என்றால் நிரல் கெர்னலிடம் ஒரு வேலை கேட்கும் அழைப்பு, இது 64 பிட்டில் நேரம் கேட்பது. லைப்ரரி முதலில் அதைக் கூப்பிடும். கெர்னல் பழசு என்றால் −38, அதாவது ஈநோசிஸ் (ENOSYS) என்ற பிழை, "அப்படி ஒரு கால் என்னிடம் இல்லை" என்று பதில் வரும். உடனே 263-ஆம் எண்ணுள்ள பழைய 32 பிட் நேர அழைப்புக்குப் போவோம். வெறும் போர்டில் எல்லாம் சரி. நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்குள் மட்டும் தேதி கண்டபடி வந்தது.

ராத்திரி பதினொரு மணிக்குத் தன் போர்டில், சிஸ்டம் கால்களை வரிவரியாகக் காட்டும் ஸ்ட்ரேஸ் ஓட்டி, அத்தனை நீள வெளியீட்டில் ஒரே ஒரு வரிக்கு மஞ்சள் பூசி அனுப்பிய தங்கைக்கு முதல் நன்றி. அந்த வரியில் 38-ஆம் எண் பிழையான ஈநோசிஸ் இல்லை, 1-ஆம் எண் பிழை இருந்தது. ஈபெர்ம் (EPERM), அதாவது கெர்னலின் −1: அனுமதி இல்லை. எந்தச் சிஸ்டம் காலை விடலாம் என்று சொல்லும் கன்டெய்னரின் செக்காம்ப் பட்டியல் 403 பிறப்பதற்கு முன்பே எழுதியது. தெரியாத எண் வந்தால் மறுத்துவிடுகிறது.

−1 வந்தாலும் பழைய காலுக்குப் போகட்டும் என்று நான் இரண்டு வரி பேட்ச் (நிரல் திருத்தம்) எழுதினேன். அதைச் சேர்க்க மாட்டேன் என்று நிறுத்திய அண்ணனுக்குத்தான் பெரிய நன்றி. "அனுமதி இல்லைன்னா இல்லைதான். அதை நாம மாத்திப் படிச்சா, நிஜமாவே மறுக்கிற இடத்தையும் மறைச்சிடுவோம்" என்றார். மசல் (musl) என்ற இன்னொரு சி லைப்ரரியின் நிரலைத் திறந்து காட்டினார்; அங்கேயும் ஈநோசிஸ் வந்தால் மட்டுமே பழைய கால். அன்று எனக்கு வருத்தம்தான். அப்புறம் அவரே கேட்டார்: "சரி, மறுத்தா மறுக்கட்டும். தேதி ஏன் கண்டபடி வரணும்?"

அந்தக் கேள்விதான் நம் சொந்தப் பிழையைப் பிடித்துக் கொடுத்தது. நேரம் சொல்லும் நம் ஃபங்ஷன், உள்ளே கூப்பிட்ட கால் தோற்றதா என்று பார்க்கவே இல்லை. ஸ்டாக் என்ற தற்காலிக நினைவிடத்தில் கிடந்த குப்பையை எடுத்து நேரம் என்று நீட்டியது. என் பேட்ச் உள்ளே போயிருந்தால் இது இன்னும் எத்தனை வருடம் ஒளிந்திருக்குமோ! இப்போது கால் தோற்றால், நேரத்துக்குப் பதில் தோல்வி என்று சொல்லும் −1 திரும்புகிறது.

பட்டியலைப் புதுப்பித்து, அறியாத எண்ணுக்கு ஈநோசிஸ் சொல்லவைத்த தம்பிக்கும் நன்றி. 2020 பிப்ரவரியிலேயே மசல் 1.2.0-இல் இந்த 64 பிட் மாற்றத்தைச் செய்துமுடித்து, எவரும் படிக்கும்படி நிரலைத் திறந்து வைத்திருக்கும் ரிச் ஃபெல்கருக்கும் அவருடன் உழைத்தவர்களுக்கும் என் வணக்கம். அதைப் படித்துத்தான் இந்த வேலையே கற்றேன்.

தங்கையின் போர்டு இன்னும் அவள் மேசைமேல்தான் இருக்கிறது. தினமும் ராத்திரி சோதனைகளை ஓட்டி, காலையில் முடிவை அனுப்புகிறாள். இன்றைக்கும் தேதி சரியாக வந்தது.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களில் ஒருவன்