பயந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆபத்து வேளையில் கடவுளை நம்புவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான். ஆனால் உண்மையாக நம்புகிறவனுக்குப் பயமே வராது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தது நெருடிக்கொண்டே இருந்தது.

சில வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். ஐந்து மணி நேரமாகியும் யாரும் வெளியே வரவில்லை. ஜெபிக்கக்கூட வார்த்தை வராமல், கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்த ஒருவர் தோளைத் தட்டி, "என்ன பிரதர், விசுவாசம் எங்கே போச்சு?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் ஏற்கெனவே இருந்த பயத்தோடு, 'இப்படிப் பயப்படுகிறோமே' என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது.

அப்புறம் ஒருநாள் பைபிளில் 56ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. 'நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.' எத்தனையோ முறை வாசித்த வசனம்தான், அன்றுதான் உறைத்தது. பயம் தீரட்டும், பிறகு நம்புகிறேன் என்று சங்கீதக்காரர் காத்திருக்கவில்லை.

பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற புத்தகத்தின் 27ஆம் அதிகாரத்தையும் கட்டுரையாளர் ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்க்கலாம். இயேசுவைப் பற்றிப் பிரசங்கித்துவந்த பவுல் கைதியாகப் போகும் கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது. சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கப்பலில் மொத்தம் 276 பேர். இரவில் தேவதூதன் வந்து சொல்லும் முதல் வார்த்தையே, "பவுலே, பயப்படாதே" என்பதுதான். பயப்படாத ஆளிடம் எதற்கு அதைச் சொல்ல வேண்டும்? பவுலும் நடுங்கித்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒருவர் உயிருக்கும் சேதம் வராது என்ற வாக்கு கிடைத்த பிறகும் பவுல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மாலுமிகள் நங்கூரம் போடுவதுபோல் நடித்துச் சிறுபடகில் நழுவப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று காவலுக்கு வந்த படைத்தலைவனான நூற்றுக்கதிபதியிடம் சொல்லிவிட்டார். 14 நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்லி, தானும் அவர்கள் முன் அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டார். கடைசியில் கப்பல் உடைந்தேவிட்டது. நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள். மற்றவர்கள் பலகைகளையும் உடைந்த துண்டுகளையும் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். வாக்கு நிறைவேறியது, எல்லோரும் தொப்பலாக நனைந்த பிறகு!

1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொண்டார். ஊரை விட்டுப் போகாமல் நோயாளிகளைக் கவனித்தார். கடவுளிடம் வேண்டிக்கொள்வேன், மருந்தும் சாப்பிடுவேன், காற்றைச் சுத்தப்படுத்தப் புகையும் போடுவேன், அவசியமில்லாத இடங்களுக்குப் போகமாட்டேன் என்றும் எழுதினார். அதை அவிசுவாசம் என்பீர்களா?

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து நடபடிகள் 12ஆம் அதிகாரத்தைப் பற்றி எழுதுங்கள். இயேசுவின் சீடரான பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததை எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் இன்னொரு சீடரான யாக்கோபு வாளால் கொல்லப்படுகிறார். அவருக்காக யாரும் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அதற்கு என்னிடம் விடை இல்லை, ஆனால் அந்த வசனத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசவும் முடியவில்லை.

என் மனைவி நலமாக வீடு திரும்பினாள். அன்று எனக்குப் பக்கத்து நாற்காலியில், கண்ணை மூடி என்னைவிட உறுதியாக ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கணவர் திரும்பவில்லை. அந்த அம்மாவும் உங்கள் இதழைப் படிக்கக்கூடும். எழுதும்போது அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்