அந்த ஆல்பத்தைப் பிரிக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கி உடைந்த அந்தத் தோல் ஆல்பம், அதில் 48 படங்கள், அவற்றில் 11 பேர் சீருடையில். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள். பெரும்பாலும் 1860-களில் எடுத்த படங்கள். முதல் வேட்டையிலேயே இப்படி ஒன்று கிடைப்பது பெரிய விஷயம். உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கூடவே இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். சீருடைக்காரர்கள் 11 பேரை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, பெண்கள், குழந்தைகள், கோட்டு போட்ட ஆண்கள் படங்களை விற்றுவிடலாமா? அட்டைகளின் பின்னால் இருக்கும் பென்சில் கிறுக்கல்களை ரப்பர் வைத்து அழித்துச் சுத்தமாக்கலாமா?

இரண்டையும் செய்யாதே. உனக்கு மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பழைய ராணுவப் படங்களைச் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் பலரும் முதலில் செய்கிற தவறு இதுதான். நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

உன் கையில் இருப்பது என்ன மாதிரிப் படம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1839-ல் டாகரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறை வந்தபோது, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரு படம்தான் கிடைக்கும். அதற்கு நெகட்டிவ் கிடையாது, நகல் எடுப்பது எளிதல்ல. ஓர் அதிகாரி போருக்குப் போவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டால் அது அம்மாவிடம் இருக்கும், அல்லது மனைவியிடம் இருக்கும். அதே படம் இரண்டு பேரிடமும் இருக்காது. 1854-ல் பாரிஸில் டிஸ்டெரி என்பவர் ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாளில் அச்சிட்டு, ஏறக்குறைய 64 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உள்ள அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். அதுதான் கார்ட் டி விசிட். படம் மலிவானது, டஜன் கணக்கில் எடுத்துக் கொடுக்க முடிந்தது. ஒரே ரெஜிமெண்டில், அதாவது படைப்பிரிவில், இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள், அக்கா தங்கைகளுக்கு அனுப்பினார்கள்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள். உன் ஆல்பத்தில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவருக்கு யாரோ கொடுத்தவை. அவற்றை யாருக்குப் பக்கத்தில் யார் என்று ஒரு கை அடுக்கி வைத்திருக்கிறது. அப்படி அடுக்கியவர் அவர்களை அறிந்தவர். நமக்கு அந்த அறிவு வேறெங்கும் கிடைக்காது.

சீருடை போதாதா என்று நீ கேட்பாய். சீருடை நிறையச் சொல்லும், மறுக்கவில்லை. முதலில் நிறத்தைப் பற்றி எச்சரித்துவிடுகிறேன், ஏனென்றால் நீயே தடுமாறியிருக்கிறாய். 12-ஆம் படத்தில் இருப்பவர் கறுப்புச் சட்டை போட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அது கறுப்பாக இல்லாமல் செக்கச்செவேல் என்று இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் படமெடுக்கப் பயன்பட்ட, ரசாயனம் பூசிய ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். சிவப்பு அதற்கு இருட்டு மாதிரி. அதனால் சிவப்பு கறுப்பாகவும், மஞ்சள் கருமையாகவும், வெளிர்நீலம் வெள்ளையாகவும் படத்தில் விழும். அவர் மார்பில் இருக்கும் பதக்கத்தின் நாடாவைப் பார். நடுவில் வெள்ளை, இரு ஓரத்திலும் கருங்கோடு. கிரிமியப் போர்ப் பதக்கத்தின் நாடா வெளிர்நீலம், ஓரம் மஞ்சள். படத்தில் அது இப்படித்தான் தெரியும். வெள்ளையில் இரண்டு சிவப்புக் கோடு போட்ட 1857 கிளர்ச்சிப் பதக்க நாடாவாக இருந்தால் அந்தக் கருங்கோடுகள் ஓரத்தில் இல்லாமல் உள்ளே தள்ளி இருக்கும். கண் பழகிவிட்டால் இந்தத் தலைகீழ் நிறங்களை வாசிப்பதைப் போல ருசியான வேலை கிடையாது.

அடுத்து காலர். பிரிட்டிஷ் காலாட்படையில் 1855 முதல் 1880 வரை பதவிக் குறி காலரில்தான் இருந்தது. அதற்குப் பிறகு தோளுக்குப் போய்விட்டது. கிரீடமும் நட்சத்திரமும் சேர்ந்திருந்தால் கேப்டன், கிரீடம் மட்டும் என்றால் லெப்டினன்ட், நட்சத்திரம் மட்டும் என்றால் என்சைன், அதிகாரிகளில் மிகக் கீழ்ப் பதவி. ஆனால் மேஜருக்கும் ஒரு நட்சத்திரம்தான்! லெப்டினன்ட் கர்னலுக்குக் கிரீடம், கர்னலுக்கு இரண்டும். வித்தியாசம் சரிகையில் இருக்கிறது. மேஜர் முதல் மேலே உள்ளவர்களுக்குக் காலரைச் சுற்றிச் சரிகை ஓடும். கேப்டன் முதல் கீழே உள்ளவர்களுக்கு மேல் விளிம்பில் மட்டும். நீ மேஜர் என்று குறித்திருக்கும் அந்த மீசை முளைக்காத பையனின் காலரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார். கீழ் விளிம்பில் சரிகை இல்லை. அவன் என்சைன். அந்தப் பதவி 1871-ல் ஒழிக்கப்பட்டது. ஆகவே படம் அதற்கு முந்தையது. அட்டை மெல்லியது, மூலைகள் கூராக வெட்டியவை. அதுவும் 1860-கள் என்றே சொல்கிறது. வட்ட மூலையும் தடித்த அட்டையும் 1870-களில் பரவலாகின. பொன் விளிம்பும் கரும்பச்சை, அரக்கு நிற அட்டைகளும் அதற்கும் பிந்தியவை.

பக்கத்து மேஜையில் அவனுடைய ஷாக்கோ தொப்பி இருக்கிறது. அதன் முன்தகட்டில் ரெஜிமெண்டின் எண் இருக்கும். 1881 சீர்திருத்தம் வரைக்கும் காலாட்படை ரெஜிமெண்டுகளை எண்ணால்தான் அழைத்தார்கள். 1200 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்தால் எண் தெரிந்துவிடலாம். எண் தெரிந்தால் அந்த வருடங்களின் ஆர்மி லிஸ்டை, அதாவது அதிகாரிகளின் பெயர்ப்பட்டியலைத் திறக்கலாம். 1839-ல் ஹார்ட் என்ற அதிகாரி தொடங்கிய பட்டியலில் யார் எப்போது எந்தப் பதவிக்கு வந்தார், எந்தப் போரில் இருந்தார் என்பதுவரை கிடைக்கும்.

ஆனால் அங்கே போய் நிற்கும்போது உனக்குக் கிடைப்பது ஒரு பெயர் அல்ல. ஒரு பட்டாலியனில் ஏறக்குறைய பத்து என்சைன்கள் இருப்பார்கள். சில வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் அதிகம். எல்லோருக்கும் அதே காலர், அதே நட்சத்திரம், அதே தொப்பி. சீருடை உன்னைப் பத்துப் பேர் வரை கொண்டுவந்து விட்டுவிடும். அந்தப் பத்தில் இவன் யார் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நீ விற்க நினைக்கும் அந்த 37 பேர்.

காலாட்படையில் என்சைன் பதவிக்கு அரசு வைத்திருந்த விலை 450 பவுண்டு. 1871-ல் பதவியை விலைக்கு வாங்கும் முறை ஒழியும்வரை பல குடும்பங்கள் அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் பையனை அனுப்பின. புதுச் சீருடை தைத்து வந்ததும் அவனை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். அவனுடைய படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது சும்மா இருக்குமா?

என் கதையைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஓர் ஆல்பம் வாங்கினேன். 9 அதிகாரிகளை உருவி எடுத்தேன். மீதியை ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் இன்னொரு படம் வாங்கினேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். அந்த ஒன்பதில் ஒருவன் உன் பையனைப் போலவே ஓர் என்சைன். கை உறை ஒன்றைப் போட்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். ரெஜிமெண்ட் எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. கண்டுபிடித்து, பட்டியலில் இருந்த பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவனுக்கு எதிர்ப்பக்கத்தில் கைம்பெண் குல்லாய் போட்ட ஓர் அம்மாள் இருந்தது ஞாபகம் வந்தது. அந்த அட்டையின் பின்னால் சாய்வான கையெழுத்தில் இரண்டு வரி மையால் எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன். படித்தேன் என்பதுதான் ஞாபகம் இருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்பது இல்லை. ஓர் ஊர்ப் பெயர் இருந்தது. அந்த ஊர் தெரிந்தால் பட்டியலில் இருக்கும் பெயர்களில் எது அந்த ஊர்க் குடும்பம் என்று தேடியிருக்கலாம். வியாபாரியிடம் போனேன். எல்லாம் ஒவ்வொன்றாக எங்கெங்கோ போய்விட்டிருந்தன. காலி ஆல்பம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம், படம் செருகும் வெற்று ஜன்னல்கள். அதைத் திறக்கவே எனக்கு மனம் வருவதில்லை. அவனுடைய அம்மாவை அவனிடமிருந்து பிரித்தது நான்தான்.

ரப்பர் விஷயத்துக்கு வருகிறேன். பின்பக்கப் பென்சில் எழுத்துகளில் சில வியாபாரி போட்ட விலையாக இருக்கலாம். ஆனால் சில, ஸ்டுடியோ போட்ட நெகட்டிவ் எண்கள். மறுபடி நகல் கேட்டு வந்தால் தேடி எடுப்பதற்காக அப்படிக் குறித்தார்கள். சில இடங்களில் அந்த எண் இன்றும் உயிரோடு இருக்கிறது. லண்டனில் 1859 முதல் 1868 வரை ஸ்டுடியோ நடத்திய கமீல் சில்வியின் பதிவேடுகள் அங்குள்ள நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கின்றன. ஏறக்குறைய 17,000 அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் எண், பெரும்பாலும் பெயரோடு ஒரு சின்னப் படம். ஒரு பென்சில் எண் நேரே ஒரு பெயரில் கொண்டுபோய் விடும். அதை அழிப்பது படத்தில் இருப்பவனுடைய பெயரையே அழிப்பது. (நீ போன மாதம் காட்டினாயே, பின்னால் தபால்தலை மாதிரி ஒட்டிய அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் படம், அதையும் உரிக்காதே. 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை அங்கே படங்களுக்கு வரி இருந்தது. அது அந்த வரி முத்திரை. படம் விற்ற காலத்தை இரண்டு வருடத்துக்குள் அடக்கிவிடும்.)

மையால் எழுதிய பெயர்களை மட்டும் உடனே நம்பிவிடாதே. இரண்டு தலைமுறை கழித்து யாரோ ஊகித்து எழுதியதாகவும் இருக்கும், விலை ஏற்றுவதற்காக எழுதியதாகவும் இருக்கும். எழுத்தும் பதவியும் வருடமும் ஒத்துப்போகிறதா என்று பார். புகழ்பெற்ற தளபதிகளின் படங்களும் அப்படித்தான். கொலின் கேம்ப்பெல் போன்றவர்களின் கார்டுகளைக் கடைகளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆல்பத்தில் அவர் இருப்பதால் குடும்பத்துக்கு அவரைத் தெரியும் என்று ஆகாது. எனக்கு அந்தத் தளபதிகளைவிட, யாரும் விலைக்கு வாங்காத, தெரிந்தவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்த ஒரு லெப்டினன்ட்தான் பெரிது.

கோட்டு போட்ட ஆண்களை நீ ஒதுக்கியதுதான் எனக்கு அதிகக் கவலை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் பணி நேரம் முடிந்தால் சீருடையில் இருக்க விரும்பியதில்லை. ஸ்டுடியோவுக்கும் பலர் சாதாரண உடையில்தான் போனார்கள். நீ ‘சாதாரண ஆட்கள்’ என்று தள்ளிவைத்த படங்களில் பாதிப்பேர் அதிகாரிகளாகக்கூட இருக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. எதையும் உருவுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிறபடியே படம் எடு, எண் போட்டு எழுதிவை. ஒரு கார்டின் பின்பக்கம் பார்க்க வேண்டுமானால், நீ பிடித்து இழுக்கிற மாதிரி இழுக்காதே, பக்கம் கிழிந்துவிடும். மெல்லிய பாலியெஸ்டர் துண்டு ஒன்றை உள்ளே விட்டு மெதுவாக நகர்த்து. பார்த்ததும் அதே ஜன்னலில் திரும்ப வை. தண்ணீர், பஞ்சு, சோப்பு எதுவும் கிட்டே வரக்கூடாது. பிவிசி உறை வேண்டாம். சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் நகலை மாட்டு. வெளிச்சத்தில் இந்தப் படங்கள் கெட்டுவிடும், ஈரத்தில் இன்னும் சீக்கிரம்.

இப்போது எனக்காக ஒரு காரியம் செய். எட்டாவது, ஒன்பதாவது பக்கங்கள் எதிரெதிரே இருக்கின்றன. இடதுபக்கத்தில் நீ விற்க நினைக்கும் கோட்டுக்காரர், தொப்பியைக் கையில் வைத்திருப்பவர். வலதுபக்கத்தில் கேப்டன் ஒருவர், தோளில் கச்சை. இருவருக்குப் பின்னாலும் ஒரே திரைச்சீலை, அதே மடிப்பு. இடதுகாதின் மடலைப் பார்த்தேன், எனக்கு ஒரே காதாகத்தான் தெரிகிறது. ஒரே நாளில் உடை மாற்றிக்கொண்டு இரண்டு படம் எடுத்திருக்கலாம். அப்படியானால் பின்னால் இருக்கும் பென்சில் எண்கள் அடுத்தடுத்து வரலாம். இரண்டு கார்டையும் மெதுவாக நகர்த்தி, அந்த எண்களை மட்டும் பார்த்து இன்று ராத்திரியே எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா