பறப்பதை விடுங்கள், காலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'த ஃபர்பிடன் கிங்டம்' (2008) படம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த விமர்சனத்தையும், அடுத்த வாரம் வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தோம். ஜாக்கி சானும் ஜெட் லீயும் சேர்ந்து நடித்த முதல் படம் அது. கதையில் வலுவில்லை, அமெரிக்கப் பையனை நடுவில் நிறுத்தியது ஒட்டவில்லை என்ற குறைகள் படம் வந்த நாளிலேயே சொல்லப்பட்டவை. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. "கயிறு கட்டிப் பறக்கிறார்கள், நம்ப முடியவில்லை" என்று சண்டையை ஒரே வரியில் தள்ளியதைத்தான் ஏற்க முடியவில்லை.

காற்றில் நடப்பது சீன வீரக்கதைகளின் மரபு. நம் ஊர்த் தோல்பாவைக்கூத்தில் அனுமார் கடல் தாண்டும்போது நம்ப முடியவில்லை என்று யாரும் எழுந்து போவதில்லை. பறக்கலாமா என்பதை விட்டு, எப்படிக் கிளம்புகிறார், எப்படி இறங்குகிறார் என்று பார்க்க வேண்டும். இடுப்புப் பட்டையின் இரு பக்கமும் கம்பி மாட்டிக் கப்பி வழியாக ஆட்கள் இழுப்பார்கள். நடிகர் முழங்காலை மடக்கித் தரையை உந்தும் அதே கணத்தில் இழுப்பு விழ வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் கால் உந்தாமலே உடல் எழும்பும், பாதம் தொங்கும். இறங்கும்போது முழங்கால் மடங்காவிட்டால், அந்த உடம்புக்கு எடையே இல்லை என்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊர்த் தற்காப்புக் கலையான அடிமுறையில் சுவடு (கால்வைப்பு) பழக வரும் பிள்ளைக்கும் முதலில் சொல்வது இதுதான்: எடை எந்தக் காலில் நிற்கிறது?

கோயிலுக்குள் இருவரும் மோதும் காட்சியை எல்லோரும் புகழ்ந்தார்கள், ஏன் நன்றாக இருக்கிறது என்பதை யாரும் எழுதவில்லை. ஜெட் லீ பெய்ஜிங்கில் வூஷு என்னும் சீனத் தற்காப்புக் கலை பயின்றவர். நிலை தாழ்ந்திருக்கும், கையும் காலும் முழு நீளத்துக்குப் போகும். ஜாக்கி சான் சீன இசைநாடகப் பள்ளியில் வளர்ந்தவர். விழுவதும் உருள்வதும் அவருக்கு அடியின் பகுதி. இதில் அவர் போடுவது குடிகாரன் பாணி. தள்ளாட வேண்டியது தலையும் தோளும்தான். இடுப்பும் சேர்ந்து தள்ளாடினால் அடுத்த அடி வராது. ஐம்பதைத் தாண்டியவர் அதை எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார் என்பதைக் கவனித்துப் பார்க்கலாம்.

சண்டைப் படங்களில் வேகம் கூட்டும் பழக்கம் ஒன்றும் உண்டு. நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டியதை 22இல் எடுத்து 24இலேயே ஓட்டினால் அசைவு சுமார் 9 சதவீதம் விரையும். அளவு மிஞ்சினால் அங்கியும் தலைமுடியும் வெட்டி வெட்டித் துள்ளும். கம்புச் சண்டையில் கேமரா தூரமும் முக்கியம். ஆறடிக் கம்பு சுழலும்போது மார்பளவு ஷாட் வைத்தால் முனையும் தெரியாது, பாதமும் தெரியாது. அடி எங்கிருந்து வந்தது என்று புரியாமல் சத்தம் மட்டும் கேட்கும்.

கம்பு என்றதும் இரு வாசகர்கள், இது சிலம்பமேதான், இங்கிருந்து சீனா போன துறவி போதிதருமர் கொண்டுபோனது என்று எழுதியிருந்தார்கள். இந்தக் கலையை நேசிப்பதால்தான் மறுக்கிறோம். படத்தில் வருவது சீனப் பழங்கதையின் குரங்கரசன் ஏந்தும் கம்பு. புருவ உயரக் கம்பு அவர்களிடம் உண்டு, நம் நெடுவடியும் (நீளக் கம்பு) நெற்றி வரை வரும் என்பது சரி. ஆனால் அவர்கள் கம்பு அடியில் பருத்து நுனியில் மெலிந்தது, குத்துவதும் சுண்டி அடிப்பதும் அதிகம். நம்முடைய பிரம்பு இரு முனையும் ஏறக்குறைய ஒரே பருமன். கை மாற்றி மாற்றிச் சுழற்றுவதே அதன் பலம். போதிதருமரைச் சண்டைப் பயிற்சியோடு சேர்க்கும் சீன நூலோ 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அவர் காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் ஆண்டு இடைவெளி. சுவடுகளைக் கோத்த கூட்டச்சுவடும், பிடித்து மடக்கும் பூட்டும் அதிலிருந்து விடுபடும் பிரிவும், உடலின் வர்மப் புள்ளிகளில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்ற கணக்கும் கையில் இருக்க, நம் பெருமைக்கு அடுத்த வீட்டுப் பத்திரம் எதற்கு?

இன்னொன்று. விமர்சனத்தில் இயக்குநர், நடிகர்கள், ஒளிப்பதிவாளர் வரை பெயர் இருந்தது. சண்டை அமைத்த யுவென் வூ-பிங் பெயர் இல்லை. 'மேட்ரிக்ஸ்' (1999) சண்டைகளை அமைத்தவரும் அவரே. பாட்டைப் புகழ்ந்துவிட்டு இசையமைப்பாளர் பெயரை விட்டுவிடுவீர்களா? அடுத்த இதழில் ஒரு வரியாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிலம்பம், அடிமுறை ஆசான்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.