மருந்துப் பட்டியலில் இல்லாத மாத்திரை

அன்பு மகளுக்கு,

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பதை உன் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். ஸ்கேன் அறிக்கையையும் அவனிடமிருந்தே வாங்கிப் படித்தேன். எங்களுக்கு நேரே அனுப்பியிருக்கலாம். உன் மூளையின் இரத்தக்குழாய் வீக்கத்தின் கழுத்து அகலமாக இருப்பதால், அதை அடைக்க வைக்கும் பிளாட்டினச் சுருள் உள்ளே நிலையாகத் தங்காது; சுருளைத் தாங்க ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்தாலோ, இரத்தம் உறையாதிருக்க இரண்டு மருந்துகளை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூப்பஸ் நோயால், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் உனக்கு அது ஆகாது என்பதால்தான் மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் கிளிப் போட முடிவு செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. இத்தனையும் தனியாகக் கேட்டறிந்து முடிவெடுத்த உன் துணிவு எனக்குப் பெருமைதான்.

அறிக்கையோடு இருந்த மருந்துப் பட்டியலில், லூப்பஸுக்கு நீ சாப்பிட்டுவரும் ஸ்டீராய்டின் பெயர் இல்லை. எழுதியவர் விட்டிருக்கலாம். அந்த மாத்திரையால் உப்பிய உன் முகத்தைப் பற்றி அத்தை சொன்ன அந்தச் சொல்லுக்குப் பிறகு நீ எங்களோடு புகைப்படத்தில் நிற்பதே இல்லை என்பதையும் நான் கவனிக்காமல் இல்லை.

ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களின் அட்ரீனல் சுரப்பி, உடலுக்கு வேண்டிய கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனைத் தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தியவருக்கு அறுவை மேசையில் இரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும். மூளைக்குழாயில் கிளிப் போடும் நேரத்தில் அந்தச் சரிவை மூளை தாங்காது. உண்மை தெரிந்தால் மயக்க மருத்துவர் கூடுதல் ஸ்டீராய்டை ஊசி வழியாகக் கொடுத்துச் சமாளித்துக்கொள்வார். தெரியாவிட்டால் அவர் என்ன செய்வார்? ஸ்டீராய்டால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமித்தொற்று எளிதில் வரும் என்பதெல்லாம் சரிதான், அதற்காக நாமாக நிறுத்துவது சரியாகிவிடாது. எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது என்பதை லூப்பஸுக்கு உன்னைப் பார்க்கும் வாதநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்யட்டும். இரத்தம் உறையச் செய்யும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் உன் இரத்தத்தில் உண்டா என்று முன்பு பரிசோதித்த தாளையும் மறக்காமல் கொண்டு போ.

நோய் கண்டுபிடித்த புதிதில், மருத்துவர் மருந்தின் அளவைத் தவறாக எழுதியபோது திருத்தியவள் நீ. அந்தப் பெண்ணா இன்று ஒரு மாத்திரையை மறைப்பாள் என்று என்னையே தேற்றிக்கொள்கிறேன். ஒருவேளை நிறுத்தியிருந்தால், எப்போது நிறுத்தினாய் என்பதை மயக்க மருத்துவரிடம் உள்ளபடி சொல்லிவிடு. நிறுத்தியதைச் சொல்லாமல் நீயாகவே மறுபடி தொடங்கிவிடவும் வேண்டாம்.

என்னிடம் சொல்ல மனமில்லை என்றால் சொல்ல வேண்டாம், நான் கேட்கமாட்டேன். மருத்துவரிடம் சொல்லிவிட்டேன் என்று மட்டும் தம்பியிடம் இன்றே சொல். அறுவைக்கு முந்தைய நாள் நானும் அப்பாவும் அங்கே இருப்போம், நீ வேண்டாம் என்றாலும்.

அன்புடன்,
அம்மா