அமராவதிநகர் சைனிக் பள்ளியில் எஸ்.எஸ்.பி. பயிற்சி: ஆள் தேவை

நண்பர்களே, வணக்கம். கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) பயிற்சி முடித்து, இப்போது ஓய்வில் இருக்கும் நம் பேட்ச் கர்னல், பள்ளியின் பிளஸ் டூ பிள்ளைகளை படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுக்குத் தயார்செய்ய வருகிறார். என்.டி.ஏ. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், எஸ்.எஸ்.பி.க்கும் அதே 900. பிள்ளைகள் தடுமாறுவது இரண்டாவதில்தான்.

வரும் ஞாயிறு, காலை 9 முதல் 1 மணி வரை, பள்ளி மைதானம்.

1. எஸ்.எஸ்.பி.யில் வரும் குழுப் பணிக்குப் பலகை, உருட்டுக்கட்டை, கயிறு வேண்டும். உடுமலைக்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கயிறு புதிதாக இருக்கட்டும், பிள்ளைகள் தொங்குவார்கள்.
2. மாதிரி நேர்காணலுக்கு, படையில் இருந்தவர்கள் நான்கு பேர்.
3. உடுமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து 7.45க்கு வேன்.
4. வசூல் கிடையாது. பொன்னாடை, பேனரும் வேண்டாம் என்று கர்னல் கறாராகச் சொல்லிவிட்டார்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் போடுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது.