சித்தப்பா, பூத் ஏஜென்ட் லிஸ்ட்ல என் பேரு வேண்டாம்

சித்தப்பா,

போன்ல நீங்க எடுக்கல, அதனால இங்க எழுதுறேன். நாலு பேரு படிப்பாங்கன்னு தெரியும், நம்ம ஆண்டிபட்டி ஆளுங்களே படிப்பாங்க, அதனால சில விஷயத்த சொல்லாம தாண்டிப் போறேன், உங்களுக்குப் புரியும்.

என் பொண்ணு பாப்பா கல்யாணத்துக்கு நீங்க ஏன் வரலன்னு யாரும் எனக்கு விளக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டு வாசல்ல என்ன கொடி பறக்குதுன்னு நிச்சயத்துக்கு முன்னாடியே பார்த்துட்டீங்க. சித்தி மட்டும் வந்து மொய் எழுதிட்டு சாப்பிடாம போனாங்க. அது ஆறவே மாட்டேங்குது.

89 எலக்‌ஷன் ஞாபகம் இருக்கா? அதிமுக ரெண்டா ஒடைஞ்சு இரட்டை இலைய முடக்கிட்டாங்க, ஜெயலலிதா அம்மா அணி நமக்கு சேவல், ஜானகி அம்மா அணிக்கு இரட்டைப்புறா. அவங்க நம்ம தொகுதியிலயே நின்னாங்க. வாத்தியார் எம்ஜிஆர் 84ல அமெரிக்கா ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே ஜெயிச்ச தொகுதி, அங்கயே ரெண்டு பக்கமா நிக்குறோம். நான் சுண்ணாம்பு வாளிய தூக்கிட்டு உங்க பின்னாடியே வந்தேன். நீங்களே வரைஞ்ச இலைய நீங்களே வெள்ளையடிச்சு அழிச்சப்ப கண்ணு கலங்கிப்போய் என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னீங்க. எதிர் சுவத்துல புறா வரைஞ்சுக்கிட்டு இருந்தவருக்கு நீலம் தீந்துபோச்சு. மொத நாள்தான் டீக்கடையில ரெண்டு பேரும் சட்டையப் புடிச்சுக்கிட்டீங்க. ஆனா நம்ம டப்பாவ என் கையில குடுத்து, "கொண்டுபோய் குடுடா, அவனும் வாத்தியார் ஆளுதான்"னு சொன்னீங்க. அவரு வாங்கிக்கிட்டாரு, ஒரு வார்த்த பேசல, டப்பாவ கழுவித் திருப்பிக் குடுத்தாரு. ஓட்டு பிரிஞ்சு ரெண்டு அணியும் தோத்துச்சு, நம்ம தொகுதில திமுக சூரியன் ஜெயிச்சுச்சு. அதே வருஷம் கட்சி ஒண்ணு சேந்து இலை திரும்ப வந்துச்சு, நீங்களும் அவரும் ஒரே மேடையில நின்னீங்க.

அந்தப் புறா வரைஞ்சவரு நம்ம ஆளு, சம்பந்தி வீடு அப்படியான்னு கேப்பீங்க. சரி, அவங்க வேற கட்சிதான். எந்தக் கட்சியா இருந்தா என்ன, என் பொண்ணு உங்களுக்குப் பேத்தி இல்லையா? பிரிஞ்சு போனவங்களுக்குக்கூட டப்பா குடுத்த மனுஷன், இப்ப குடும்ப குரூப்ல தெனம் காலையில துரோகி லிஸ்ட்டு போடுறீங்க, யாரோ எழுதினத முழுசா படிக்காமலே ஃபார்வர்டு பண்றீங்க, அத உங்க தம்பி மருமகளும் பாக்குறா.

2019ல நம்ம ஊர்ல நடந்தது உங்களுக்கு எவ்வளவு வலிச்சுச்சுன்னு தெரியும். ஏப்ரல் 18, ஒரே நாள், ஒரே பூத்து, எம்பிக்கு ஒரு மிஷின், எம்எல்ஏ இடைத்தேர்தலுக்கு இன்னொண்ணு. தமிழ்நாடு பூரா சூரியன் கூட்டணி அள்ளிக்கிட்டுப் போச்சு, தேனில மட்டும் இலை ஜெயிச்சுச்சு. அதே தேனிக்குள்ள இருக்குற ஆண்டிபட்டியிலயும் பெரியகுளத்துலயும் எம்எல்ஏ சூரியன். நம்ம சனம் ஒரு கையால இதையும் அதையும் அமுக்கிட்டு சாயங்காலம் வயலுக்குப் போயிருச்சு. நீங்க ரிசல்ட் வந்த அன்னைக்கு ராத்திரி நம்ம தெருவுல யாரு மாத்திப் போட்டான்னு வீடு வீடா யோசிச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் எதுல எத அமுக்குனேன்னு இங்க எழுத மாட்டேன். உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். அப்பா போன பின்னாடி என்னைப் படிக்க வச்சது நீங்கதான், ஃபீஸ் கட்ட உங்க வண்டிய வித்தீங்க, அதுக்கு இந்த ஜென்மம் பூரா நான் கடன்பட்டவன். ஆனா அந்தக் கடனுக்கு என் ஓட்ட கேக்காதீங்க.

உங்க மனசு நோகும், மன்னிச்சுக்கங்க. ஆனா பூத்துல உக்காந்து தெரிஞ்ச மொகத்த எல்லாம் இவன் நம்ம ஓட்டு, அவன் அவங்க ஓட்டுன்னு லிஸ்ட்டுல டிக் அடிக்க இனிமே என்னால முடியாது. அந்த லிஸ்ட்டுல என் மருமகன் பேரும் வரும். அட்டைய சித்திகிட்ட குடுத்துட்டேன், வேற ஆளப் போட்டுக்கங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை மறுவீட்டு விருந்து. சம்பந்தியும் வர்றாரு, கரை வேட்டிலதான் வருவாரு, நீங்களும் உங்க கரை வேட்டியக் கட்டிக்கிட்டே வாங்க. வரலன்னா சித்தியவாவது சாப்பிட வேண்டாம்னு சொல்லி அனுப்பாதீங்க.